ஒன்பதாவது ஷரத்து

தஞ்சாவூரில் முதல் நாள் காலை, இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டே வெரோனிக் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இங்கே ஸ்பூன் கேட்டால் அவமரியாதையா?" இல்லை என்றேன். ஸ்பூன் வந்தது. இட்லியைச் சதுரம் சதுரமாக வெட்டி, சாம்பாரில் முக்கி, கேக் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார். பக்கத்து மேசைக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது என்னிடம், "பொடி கேட்டு வாங்கிக் குடுங்க அவங்களுக்கு, எண்ணெய நல்லா ஊத்தி" என்று சொல்லிவிட்டுப் போனார். லியோனில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். அங்கே எந்தப் பக்கத்து மேசைக்காரரும் என் தட்டைப் பற்றி அபிப்பிராயம் சொன்னதில்லை.

நான் பிறந்தது பாண்டிச்சேரியில், பிழைப்பது பிரான்சில். தொழில் மொழிபெயர்ப்பு. கதை, கவிதை என்று நினைத்துவிட வேண்டாம். ஒப்பந்தம், ஆண்டறிக்கை, வங்கிக் கடிதம் என்று ஆங்கிலத்தில் வரும் வியாபாரக் காகிதங்களைப் பிரெஞ்சில் ஆக்கிக் கொடுப்பது. கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும், எனக்கு அதில் பெரிய சுகம். ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்-அப்' என்றால் பிரெஞ்சு அரசாங்கம் அப்படி எழுதாதே, 'இளந்தளிர்' என்று எழுது என்கிறது. நிதியாண்டுக்கும் உடற்பயிற்சிக்கும் பிரெஞ்சில் ஒரே சொல்தான். நடப்பு உடற்பயிற்சியில் நஷ்டம் என்று நான் எழுதாத வாரமே கிடையாது.

வெரோனிக்கும் அவருடைய அண்ணன் லூக்கும் லியோனில் மூன்று மளிகைக் கடைகள் வைத்திருக்கிறார்கள். இயற்கை விவசாயத்தில் விளைந்த பொருட்கள் மட்டும் விற்பார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயிகள் கம்பெனி கறுப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் விளைவிக்கிறது என்று கேள்விப்பட்டு, எழுதிக் கேட்டு, ஒப்பந்தம் வரைக்கும் வந்துவிட்டார்கள். அண்ணன் தங்கை இருவருக்கும் ஆங்கிலம் ஆகாது. பதினெட்டுப் பக்க ஆங்கில ஒப்பந்தத்தைப் பிரெஞ்சில் ஆக்கியது நான். போகவர நடந்த கடிதங்களையும் நான்தான் மாற்றிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட வெரோனிக் கிளம்பியபோது, நாக்குக்கும் ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஒப்பந்தத்தில் லூக்குக்கு உயிர் ஒன்பதாவது ஷரத்து. விற்பவர், அனுப்பும் ஒவ்வொரு அரிசிச் சரக்கோடும், மாதிரிப்படி உத்தரவாதம் தருவார் என்பது அதன் சாரம். அரிசி வந்து சேராவிட்டால் முன்பணத்துக்கு வேறொருவர் பொறுப்பு. அந்த ஒரு வரியை நம்பித்தான் பாதித் தொகையை முன்கூட்டியே தர லூக் ஒப்புக்கொண்டார். கம்பெனிக்கும் அந்த முன்பணம்தான் எல்லாம். அறுவடை முடிந்த வாரத்தில் கையில் காசோடு வருகிற வியாபாரிக்குத்தான் நெல் போகும். இந்த ஒப்பந்தத்தை நம்பி இந்தப் போகம் முழுக்கப் பழைய ரகம் போட்டவர்கள் ஊரில் நிறையப் பேர் என்று கம்பெனி மேனேஜர் எழுதியிருந்தார். 'ஒன்பதாவது ஷரத்தில் சொன்னது தயார், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்' என்று போன மாதம் அவர் எழுதியதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். லூக் அன்று எனக்கு ஒரு பாட்டில் ஒயின் கொடுத்தனுப்பினார்.

அன்று மாலை பெரிய கோயிலுக்குப் போனோம். வெரோனிக் விமானத்தை அண்ணாந்து பார்த்து நெடுநேரம் நின்றுவிட்டு, "இதற்கு யார் முதலீடு?" என்று கேட்டார். ராஜா என்றேன். "கூட்டாளி இல்லாமலா?" என்று வியந்தார். மளிகைக்கடைக்காரர் எங்கே போனாலும் மளிகைக்கடைக்காரர்தான்.

இரண்டாம் நாள் காரில் தெற்கே கிளம்பினோம். ஓட்டுநர் சேகருக்கு முப்பது வயது இருக்கும். பேச்சு கம்மி, ஹாரன் அதிகம். தை முடிகிற சமயம். சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மறு பாதியில் போகிற வண்டியும் வருகிற வண்டியும் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டன. நெல்லின் ஓரத்தில் கல் வைத்து, கல்லின் மேல் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். பிரான்சில் சாலையில் ஒரு கூம்பு வைக்க நகராட்சிக்கு மூன்று விண்ணப்பம் போட வேண்டும் என்று வெரோனிக் பெருமூச்சு விட்டார்.

வாய்க்கால் கரையோரம் போகும்போது, ஆற்றில் தண்ணீர் முதலில் பாய்கிற வயல்களைத் தலைமடை என்பார்கள், கடைசியில் போய்ச் சேர்கிற வயல்களைக் கடைமடை என்பார்கள், நாம் போகிற இடம் கடைமடை என்று விளக்கினேன். இரண்டுக்கும் பிரெஞ்சில் சரியான சொற்கள் உண்டு. சொன்னேன். வெரோனிக் நோட்டில் குறித்துக்கொண்டார். "அப்படியென்றால் தண்ணீர் அவர்களுக்கு வந்து சேருமா என்பதே சந்தேகம்தானா?" என்று கேட்டார். சேகர் காது கொடுத்துக்கொண்டிருந்திருப்பார் போல. "என்ன கேக்கறாங்க?" என்றார். சொன்னேன். "சில வருசம் வரும், சில வருசம் பேப்பர்ல வரும்" என்றார்.

அப்போதுதான் வாத்துகள் வந்தன. ஒன்றிரண்டு இல்லை, அறுத்த வயலில் மேய்ந்து முடித்த ஒரு பெரும் கூட்டம், அடுத்த வயலுக்குப் போகச் சாலையை எடுத்துக்கொண்டது. சேகர் ஒதுங்கினார். ஒதுங்கிய இடம் நேற்றுத் தண்ணீர் கசிந்த கரை. இடது பின்சக்கரம் பாதி வரைக்கும் சேற்றில் உட்கார்ந்தது. சேகர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் ஆழத் தோண்டியது.

வெரோனிக் லியோனில் சரக்கு வேன் ஓட்டுபவர். கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் போடு, தள்ளிக்கொள்ளலாம் என்று சொல்ல வந்தவர், பதற்றத்தில் பிரெஞ்சிலேயே கத்தினார். பிரெஞ்சில் நியூட்ரலுக்குப் பெயர் 'புவான் மோர்'. ஜன்னலில் தட்டித் தட்டி, "மோர், மோர்" என்றார். சேகர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஐந்து நிமிடத்தில், சாலையோரம் தார்ப்பாய் கட்டியிருந்த ஒரு கடையிலிருந்து மூன்று டம்ளர் மோரோடு வந்தார். "வெயில்ல தாகம் எடுத்துருச்சு போல, பாவம். பச்ச மொளகா இல்லாம வாங்கிட்டு வந்தேன்" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் மோர் புரைக்கேறியது. காரணம் சொன்னதும் வெரோனிக்கும் சேர்ந்துகொண்டார். அந்தப் 'புவான் மோர்' வியாபாரக் காகிதத்திலும் வரும். லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கிற இடத்துக்கு அதுதான் பெயர். தினம் நாலு தடவை எழுதுகிறேன், ஒரு நாளும் எனக்கு மோர் ஞாபகம் வந்ததில்லை என்று சொன்னேன். வெளிநாட்டுக்காரர் பாவம், ஒரே சத்தம் இரண்டு ஊரில் இரண்டு பொருள் ஆகிவிடுகிறது, என்னைப் போல இரண்டும் தெரிந்தவர்கள் கூட இருந்தால்தான் பிழைத்தார்கள் என்று ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். வாத்துக்காரர்கள் இரண்டு பேர் வந்து காரைத் தள்ளிவிட்டார்கள். அந்தச் சொற்பொழிவை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மூன்றாம் நாள் அதிராம்பட்டினம். கம்பெனி மேனேஜர் ஹாஜா பாய் அந்த ஊர்க்காரர். துபாயில் ஒரு மளிகை இறக்குமதிக் கம்பெனியில் நெடுங்காலம் கடிதம் எழுதும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, பேச்சில் ஒரு நிதானம். ஒப்பந்தத்தின் ஆங்கிலம் முழுக்க அவருடைய கை. கம்பெனி ஆபீசும் அரவை மில்லும் கிராமத்தில் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலை வரை கரண்ட் கிடையாது. "மில்லு ஓடாம பார்த்தா என்ன இருக்கு? நாளைக்கிக் கையெழுத்தும் போட்டு மில்லையும் பார்த்துரலாம். இன்னைக்கி நம்ம வீட்ல சாப்பாடு" என்று கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் வந்தது இறால் வைத்துப் பொரித்த ஒரு வடை. அந்த ஊரில் வாடா என்கிறார்கள். வெரோனிக் அதை ஒன்று தின்றார், இரண்டு தின்றார், மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சாப்பாடு இன்னும் வரவில்லை என்று எச்சரித்தேன். பிறகு மீன் குழம்பும் நெய்ச்சோறும் வந்தன. பிரான்சில் விருந்தாளி 'போதும்' என்றால் அதற்குப் போதும் என்று அர்த்தம். இங்கே அது பேச்சின் ஆரம்பம். ஹாஜா பாயின் மனைவி அடுப்படி வாசலில் நின்றபடி, "மீனு பிடிக்கலையோ என்னமோ" என்று கவலைப்பட்டுக்கொண்டே தட்டை நிரப்பினார்.

காபி குடிக்கும்போது ஹாஜா பாய் என்னிடம் கேட்டார்: "நாங்க அனுப்புன சாம்பிள் பாக்கெட்டு வந்துச்சா மேடம்?"

"அரிசிதானே? அது அப்பவே வந்துடுச்சே" என்றேன்.

"அரிசி இல்ல, அதுக்கப்புறம் ரெண்டாவதா ஒண்ணு."

வெரோனிக்கிடம் கேட்டேன். சுங்கத்திலிருந்து ஏதோ சீட்டு வந்தது, லூக் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார் என்றார். அதைச் சொன்னேன். "ரெண்டு மாசமா கஸ்டம்ஸ்ல நிக்குதா? கெட்டுப்போவாது, பரவால்ல" என்றார் ஹாஜா பாய். கெட்டுப்போகாது என்று ஏன் சொல்கிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். அதற்குள் பழம் வந்துவிட்டது.

நான்காம் நாள் கிராமத்துக்குப் போனோம். மில் வாசலில் நெல் பரப்பியிருந்தது. "செருப்பக் கழட்டிட்டு ஓரமா வாங்க" என்று ஒரு பெண் குரல் கொடுத்தார். ரஞ்சிதம் என்று அறிமுகப்படுத்தினார் ஹாஜா பாய். நாற்பது வயது, கம்பெனியில் ஒரு டைரக்டர், அங்கே வேலை செய்யும் மகளிர் குழுவுக்குத் தலைவி. வெரோனிக் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நெல்லை மிதிக்காமல் சர்க்கஸ்காரர் போல நடந்தார்.

உள்ளே ஒரு நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், மின்விசிறி. ஒப்பந்தம் இரண்டு மொழியிலும் மேசை மேல் இருந்தது. ஒவ்வொரு ஷரத்தாகப் படித்தோம். ஹாஜா பாய் ஆங்கிலத்தில் விரலை வைப்பார். வெரோனிக் பிரெஞ்சில் வைப்பார். நான் நடுவில் தமிழில் சொல்வேன், ரஞ்சிதத்துக்காக. எட்டு ஷரத்து பறந்து போயிற்று. ஒன்பதாவதில் வெரோனிக் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை நான் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று லூக் சொல்லியிருக்கிறார். அவல் எங்கே?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன்: "ஒம்பதாவது ஷரத்துல போட்டிருக்கிற அவல் எங்கேன்னு கேக்கறாங்க."

சொல்லி முடித்ததும் என் வாய் அப்படியே நின்றுவிட்டது.

அவல் என்பது பிரெஞ்சில் வங்கிக்காரர்களின் சொல். ஒருவர் கட்ட வேண்டியதை அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று மூன்றாம் மனிதர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற பொறுப்புக்கு அதுதான் பெயர். ஆங்கிலத்திலும் அதை அதே எழுத்தோடு கடன் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் அந்த நாலு எழுத்தைப் பார்த்தபோது, அடேயப்பா, பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் எவ்வளவு விஷயம் தெரிந்தவர்கள் என்று பூரித்துப்போய், கை படாமல் அப்படியே பிரெஞ்சில் இறக்கிவைத்தேன். 'அனுப்பிய மாதிரிப்படி' என்று ஹாஜா பாய் எழுதியிருந்ததை, 'இணைத்துள்ள படிவத்தின் மாதிரிப்படி' என்று இன்னும் அழகாக்கினேன். படிவம் எங்கே என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. சின்ன வயதில் ஒவ்வொரு ஸ்கூல் லீவிலும் வெல்லம் போட்டு அவல் தின்று வளர்ந்தவள் நான். ஆங்கில எழுத்தில் வந்ததும் அது எனக்கு யாரோ ஆகிவிட்டது.

போதாக்குறைக்கு, கடைமடைக்குப் பிரெஞ்சில் நான் சொல்லிக்கொடுத்த சொல்லும் இதேதான். இரண்டு நாளாக அது வெரோனிக்கின் நோட்டில் இருந்தது.

ஹாஜா பாயின் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா ரஞ்சிதம், அவங்களாவே கேக்கறாங்க. கொண்டாந்து வைங்க" என்றார்.

மூன்று தட்டு வந்தது. ஒன்றில் சிவப்பு அவல் வெறுமனே, ஒன்றில் வெல்லமும் தேங்காயும் போட்டு, ஒன்றில் கடுகு தாளித்து உப்புமாவாக. வெரோனிக் சந்தோஷமாகச் சாப்பிட்டார். இந்த ஊரில் கையெழுத்துக்கு முன்னால் பலகாரம் வழக்கம் போலிருக்கிறது என்று என்னிடம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, "அருமை. சரி, இப்போது அவல்" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன்னால், அந்த ஒரு சொல் புரிந்த ஹாஜா பாய் திரும்பினார். "இன்னுங் கொஞ்சம் வேணுமாம், ரஞ்சிதம்."

இரண்டாவது ரவுண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து வெரோனிக்கின் போன் அடித்தது. லூக். சுங்கத்திலிருந்து பாக்கெட்டை வாங்கிவிட்டாராம். அவருடைய குரல் மேசை முழுக்கக் கேட்டது. "மேலே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? அவல். மாதிரி. வணிக மதிப்பு எதுவும் இல்லை. உள்ளே நசுக்கிய அரிசி. வணிக மதிப்பில்லாத உத்தரவாதத்தை அனுப்பி நம்மைக் கேலி செய்கிறார்களா?" சாம்பிள் பொட்டலத்தின் மேல் அப்படி எழுதுவது உலக வழக்கம், வரி போடாமல் விடுவதற்காக. லூக்குக்கு அது தெரியும். ஆனால் கோபத்தில் இருக்கிறவருக்கு எது தெரியும்?

வெரோனிக் தன் முன்னால் இருந்த தட்டைப் பார்த்தார். பிறகு ஹாஜா பாயைப் பார்த்தார். முகத்தில் நாலு நாள் சிரிப்பு துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது. "இவர்கள் எழுதியது இதைத்தானா?" என்று என்னிடம் கேட்டார். "இதற்காகவா நாங்கள் பாதிப் பணம் முன்னாலேயே தருகிறோம்?"

ஹாஜா பாய்க்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். "தப்பு என்னோடதுதான் மேடம். அவல்னு எழுதுன எடத்துல இங்கிலீஷ்ல என்ன வார்த்தையோ அதப் போட்டிருக்கணும். எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் வராது. மன்னிப்புக் கேட்டேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

வெரோனிக் காத்திருந்தார். நான் அதை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். மேனேஜரின் ஆங்கிலம் மோசம், அவரே ஒப்புக்கொண்டார் என்று கதை முடிந்திருக்கும். லியோனில் என் பெயர் பத்திரமாக இருக்கும். லூக் மூலமாக வந்த நாலைந்து வாடிக்கையாளர்கள் பத்திரமாக இருப்பார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், வாக்கியம் பிரெஞ்சில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மின்விசிறிக் காற்றில் தட்டிலிருந்து ஓர் அவல் பறந்து வந்து ஒப்பந்தத்தின் மேல் உட்கார்ந்தது. அதை எடுத்துப் போடவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

"அவர் மன்னிப்புக் கேட்கிறார். கேட்க வேண்டியது அவர் இல்லை, நான்" என்று பிரெஞ்சில் சொன்னேன். "அவர் எழுதியது ஒரு தின்பண்டத்தின் பெயர். அது எனக்குத் தாய்மொழி. நான்தான் அதை வங்கியாக மாற்றினேன். மாதிரிப் படிவம் எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை." பிறகு அதையே தமிழில் ஹாஜா பாய்க்கும் ரஞ்சிதத்துக்கும் சொன்னேன். ஒரே குற்றத்தை இரண்டு மொழியில் ஒப்புக்கொள்வது இருக்கிறதே, இரண்டாவது தடவைதான் அதிகமாக வலிக்கும்.

வெரோனிக் என்னை வெறித்துப் பார்த்தார். உதட்டின் ஓரம் துடித்தது. "மோர்" என்றார் மெதுவாக. பிறகு, "மோருக்கு அவ்வளவு சிரித்தாயே" என்றார். சிரிக்க ஆரம்பித்தவருக்கு நிறுத்த முடியவில்லை. என்னவென்று தெரியாமலே ரஞ்சிதமும் சிரித்தார். ஹாஜா பாய் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு முன்பணம் போன கவலை.

சிரிப்பு அடங்கியதும் ரஞ்சிதம் என்னிடம் கேட்டார்: "அக்கா, அந்த அவலுன்னா என்ன? ஜாமீனா?"

"ஜாமீன்தான்."

"கொளத்துத்தெருக்காரி, மேட்டுத்தெருக்காரின்னு எங்க குழுவுல யாரு கடன் வாங்குனாலும் மத்தவங்க எல்லாரும் ஜாமீன் போடுவோம். அது எங்களுக்குப் புதுசு இல்ல. ஆனா ஒண்ணு கேளுங்க அவங்ககிட்ட. அரிசி வராட்டி என்னன்னு அவங்களுக்கு ஜாமீன் வேணும். சரி. அரிசி கப்பல் ஏறிப் போனப்புறம் மீதி காசு வராட்டி, எங்களுக்கு யாரு ஜாமீன்?"

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அன்றைக்கு அந்த விஷயத்தில் மிகவும் கவனமாக இருந்தேன். வெரோனிக் ஒப்பந்தத்தைப் புரட்டினார். பதினெட்டுப் பக்கத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. எழுதியபோது ஹாஜா பாய்க்கும் தோன்றவில்லை, மொழிபெயர்த்தபோது எனக்கும் தோன்றவில்லை.

"அரிசி வரும்னு நான் சொல்றேன்" என்றார் ரஞ்சிதம். "வெளைஞ்சு நிக்கிறத நீங்களே பார்த்தீங்க. வேற என்ன சொல்லணும், சொல்லுங்க."

வெரோனிக் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். காய்கிற நெல்லைச் சுற்றி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அண்ணனோடு அரைமணி நேரம் சண்டை போட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண் நெல்லைக் காலால் கிளறிவிட்டபடி வெரோனிக்கைத் தாண்டித் தாண்டிப் போனார். இரண்டாவது சுற்றில் வெரோனிக்கும் பேசிக்கொண்டே, அந்தப் பெண்ணைப் பார்த்து, வெறுங்காலால் கிளற ஆரம்பித்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். லூக்கிடம் பேரம் முடிந்திருந்தது. பாதி கிடையாது, மூன்றில் ஒரு பங்கு முன்பணம், அதற்கு உத்தரவாதம் வேண்டாம். மீதித் தொகைக்கு, கடை தராவிட்டால் தான் தருவதாக வெரோனிக் சொந்தப் பெயரில் பொறுப்பு ஏற்பார். "லூக்குக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் பாதிக் கூட்டாளி" என்றார். ஒன்பதாவது ஷரத்தை நீக்கிவிட்டு, ஒப்பந்தத்தின் அடியில் தன் கையாலேயே 'அவலுக்குச் செல்லும்' என்று பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிரான்சில் ஜாமீன் ஏற்பவர் அப்படி எழுதுவதுதான் முறை.

பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். மூன்றில் ஒரு பங்கு அறுவடைக் கூலிக்கும் சிறு விவசாயிகளுக்கும்தான் ஆகும், பெரிய கை இரண்டு மூன்று பேர் வியாபாரியிடம் போய்விடுவார்கள் என்றார் ஹாஜா பாய். ஆனால் பேனாவைப் பையிலிருந்து மறுபடி எடுத்துவிட்டார். எடுத்தவர் என்னைப் பார்த்து, "அவலுக்கும் ஒரு ஷரத்து வேணுமே மேடம். நாங்க விக்கத்தானே எழுதுனோம்" என்றார். வெரோனிக்கின் முன்னால் இருந்த இரண்டு தட்டும் காலி. ஆக, புது ஒன்பதாவது ஷரத்து அங்கேயே எழுதப்பட்டது. முதல் சரக்கோடு பத்து மூட்டை அவலும் போகும். என்ன அவல் என்பதற்கு நான் பிரெஞ்சில் நாலு வரி விளக்கம் எழுதினேன். ஊறவைத்த நெல்லை வறுத்துத் தட்டையாக்கியது, உண்ணத் தக்கது, வங்கிக்குச் செல்லாதது. கடைசி இரண்டு சொல்லை வெரோனிக் அடிக்கவிடவில்லை. அந்த மொழிபெயர்ப்புக்கு நான் கூலி வாங்கவில்லை.

பிறகுதான் மில்லைப் பார்த்தோம். வறுத்த நெல் சூட்டோடு இயந்திரத்துக்குள் போய், மறுபக்கம் தட்டையாக வந்து விழுந்தது. அந்த வாசனையில் எனக்கு வயிறு மறுபடி பசித்தது. கிளம்பும்போது ரஞ்சிதம் லூக்குக்கு என்று ஒரு பொட்டலம் கட்டினார். ஹாஜா பாய் பழக்கத்தில் மேலே வழக்கமான வரிகளை எழுதத் தொடங்கினார்.

"என்ன எழுதறீங்க பாய்?" என்றார் ரஞ்சிதம்.

"சாம்பிள்னா எழுதணும். மதிப்பு ஒண்ணும் கெடையாதுன்னு."

"மதிப்பு கெடையாதா? விடியக்காலம் எழுந்திரிச்சு நெல்ல ஊறப் போட்டது நானு. அடிச்சுருங்க அத."

அடித்துவிட்டு வெறும் பெயரை மட்டும் எழுதினார்.

லியோன் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி இளைஞர், வேலை முடியப் போகிற சோர்வில் இருந்தார். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். தட்டையாக்கிய அரிசி, ஒரு கடைக்காரருக்கு மாதிரி என்றேன். "மாதிரி என்றால் வணிக மதிப்பு இல்லை. போகலாம்" என்று வழியைக் காட்டினார்.

"இருக்கிறது" என்றேன்.

பக்கத்தில் வெரோனிக் கண்ணை மூடிக்கொண்டார். இருந்தால் படிவம் நிரப்ப வேண்டும், நேரமாகும் என்றார் அதிகாரி. நிரப்புங்கள் என்றேன். பெருமூச்சோடு ஒரு படிவத்தை எடுத்தார். பொருளின் பெயர் என்ன என்று கேட்டார். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். நாலு எழுத்தையும் எழுதிவிட்டு, பேனாவை நிறுத்தி, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அவலா? யார் கொடுத்தது?"

"ரஞ்சிதம் கொடுத்தது" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.